இருநூற்றுப் பதினான்கு கன்றுகள்

மைரன் ஸ்டெஃபனுக் நல்ல மனிதர் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட மாட்டேன். ஒழுங்கான மனிதர் என்று சொல்வேன். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அவரே ஒரு வருஷம் நடந்து தெரிந்துகொண்டார்.

ஊரின் கர்லிங் அரங்கில் பனித்தளம் போடுகிறவர் அவர். முப்பத்தோரு குளிர்காலமாக அதே வேலை. நாற்பது பவுண்டு கருங்கல்லைப் பனியின்மேல் வழுக்கவிட்டு, நூறடிக்கு அப்பால் வரைந்திருக்கும் வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும், ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் தளத்தில் நகக்கண் அளவு மேடு இருந்தாலும் கல் தன் போக்கில் திரும்பிவிடும். அப்படித் திரும்பினால் யாரும் கல்லைத் திட்டுவதில்லை, மைரனைத்தான் திட்டுவார்கள். அதனால் அவர் விடியற்காலையில் பனியின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து, எங்காவது நிழல் விழுகிறதா என்று பார்ப்பார். அறுபத்தேழு வயதிலும் அப்படித்தான் படுக்கிறார்.

ஏப்ரலில் பனியை உருக்கி அரங்கைப் பூட்டியபின் அவருக்கு மிஞ்சுவது வீட்டுக்குப் பின்னாலிருக்கும் புல்தரை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். மற்றவர்கள் பேரப்பிள்ளைகளின் படத்தைக் காட்டுவது போல அவர் அந்தப் புல்லைக் காட்டுவார். பனித்தளத்தைப் போலவே அதையும் மட்டமாக வைத்திருக்க ஆசைப்பட்டார். நடக்கவில்லை. காரணம், முழங்கால் உயரக் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மரம்.

அது அகதா பென்னர் வீட்டு வெள்ளைப் பாப்லர். அகதாவுக்கு எழுபத்தெட்டு வயது. மெனனைட் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர், கணவர் கொர்னேலியஸ் போய் ஒன்பது வருஷம். வீட்டின் பின்படியிலிருந்து மரத்தின் நடுத்தண்டு வரைக்கும் ஒரு துணிக்கொடி. இரண்டு முனையிலும் கப்பி. படியில் நின்றபடியே துணியை மாட்டி மாட்டிக் கயிற்றை இழுத்தால், ஈரத்துணி தோட்டத்துக்கு மேலே வரிசையாக நகர்ந்து போகும். மரத்தில் அந்தக் கப்பியை அடித்தவர் கொர்னேலியஸ். திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். யார் வீட்டுத் துணி முதலில் கொடியேறுகிறது, யாருடையது வெள்ளையாக இருக்கிறது என்று எங்கள் தெருப் பெண்கள் வாய்விட்டுப் பேச மாட்டார்கள், பார்த்துக்கொள்வார்கள். எங்கள் ஊர்த் தண்ணீர் லேசான பழுப்பு. அதில் துவைத்தும் அகதாவின் படுக்கை விரிப்புகள் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளையாக இருந்தன.

வெள்ளைப் பாப்லரின் வேர் வேலிக்குக் கட்டுப்படாது. முப்பது, நாற்பது அடி தள்ளிப் போய், மண்ணுக்குச் சற்றுக் கீழேயே படுத்துக்கொண்டு, சாண் சாணுக்கு ஒரு கன்றை மேலே அனுப்பும். இழுத்தால் ஒடியும். ஒடிந்த இடத்தில் இரண்டு வரும். புல்வெட்டியை ஓட்டினால் தண்டு சீவிவிட்ட முளைக்குச்சியாகி, கான்வாஸ் செருப்பைத் தாண்டிக் காலில் ஏறும். இருபது வருஷமாக மைரன் அவற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அகதாவிடம் ஒரு வார்த்தை முறையிட்டதில்லை. பக்கத்து வீட்டு மரத்தைப் பற்றிப் பேசுவது எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றிப் பேசுவது மாதிரி. அகதாவே சில சமயம் வேலியருகே வந்து கேட்பார்.

"எம் மரத்தோட பிள்ளைங்க உன்னப் பாடாப் படுத்துதா மைரன்?"

"வந்தா வந்துட்டுப் போகட்டும் அகதா. சாப்பாடா கேக்குது?"

உள்ளுக்குள் அப்படி இல்லை. ஆகஸ்டு மாதம் ஒருநாள், உள்ளங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு காபிக்கடையில் உட்கார்ந்திருந்தார். எதிரே அவர் தங்கையின் கணவர் லோர்ன். ஊருக்கு வெளியே கோதுமை போடுகிறவர்.

"எத்தன வருஷமா வெட்டுற?" என்றார் லோர்ன்.

"இருபது இருக்கும்."

"ஜெயிச்சிட்டியா?"

"காலப் பாத்தா தெரியல?"

"மச்சான், நீ தலையச் சீவுற. அதுக்கு உசுரு கீழ இருக்கு. ஒரு மாசம் கைவைக்காம விடு, நல்லா இலை விடட்டும். செப்டம்பர்ல ஒவ்வொண்ணா வெட்டி, வெட்டின வாயில களைக்கொல்லிய ஒரு தொடு. தண்ணி கலக்காத. குளிர் வரப்போற நேரம் பாரு, செடி இருக்கறதையெல்லாம் வேருக்கு இழுத்துக்கும். மருந்தையும் சேத்து இழுத்துக்கும்."

மறுநாள் தன் கொட்டகையிலிருந்து ஒரு கேனையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வேர் யாருடையது என்று மைரன் யோசிக்கவில்லை. இது மந்தபுத்தி இல்லை. கண்ணெதிரே நூறு செடி தனித்தனியாக நின்றால் நூறு செடி என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் யோசித்ததெல்லாம் வேலையை எப்படித் திருத்தமாகச் செய்வது என்பதைத்தான்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் ஆரம்பித்தார். முதலில் புல்தரையைக் கயிறு கட்டிப் பட்டை பட்டையாகப் பிரித்தார். ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் கோல்ஃப் பந்து வைக்கும் மரக்குச்சி ஒன்றைக் குத்தினார். எண்ணினார்: இருநூற்றுப் பதினான்கு. பிறகு ஜாம் பாட்டிலில் மருந்தை ஊற்றிக்கொண்டு, சின்ன வர்ணத் தூரிகை ஒன்றுடன் முழங்காலிட்டார். வெட்டுவார், வெட்டுவாய் காய்வதற்குள் தடவுவார், குச்சியைப் பிடுங்கிப் பைக்குள் போடுவார், அடுத்ததற்கு நகர்வார். மூன்று நாள் வேலை.

இரண்டாம் நாள் அகதா ஒரு கோப்பைக் காபியுடன் வேலியருகே வந்து நின்றார்.

"என்னடா இது, புல்லுக்கு நகப்பூச்சு போடுறியா?"

"அழகுப் போட்டிக்கு அனுப்பப் போறேன்."

"அப்ப அந்த மூலையில இன்னொருத்தி நிக்கிறா பாரு, அவள விட்டுட்ட."

மூலையில் விட்டுப்போன கன்று ஒன்று உண்மையிலேயே இருந்தது. மைரன் சிரித்துக்கொண்டே போய் அதையும் வெட்டித் தடவினார். திரும்பி வந்து அகதா கையிலிருந்த காபியை வாங்கிக் குடித்தார். இந்தச் சிரிப்பும் இந்தக் காபியும் பின்னால் அவரை என்ன பாடு படுத்தும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

குளிர்காலம் வந்தது, பனித்தளம் போட்டார், ஏப்ரலில் உருக்கினார். மே மாதம் புல் பச்சையேறியபோது ஒரு கன்றுகூட இல்லை. மைரன் செருப்பைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வெறுங்காலோடு நடந்தார். இருபது வருஷத்தில் முதல் தடவை. இரண்டு வாரம் தினமும் அப்படி நடந்தார். தரையையே பார்த்து நடந்ததால் தலைக்கு மேலே பார்க்கவில்லை. ஊரில் மற்ற மரங்களெல்லாம் இலை விட்டு முடித்திருந்தன. பென்னர் வீட்டுப் பாப்லரில் மட்டும் காசளவு இலைகள், மஞ்சளாக, ஓரம் சுருண்டு, கிளை நுனிகளில் ஒட்டிக்கொண்டிருந்தன. உச்சியில் அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்த லோர்ன் பின்படியில் நின்று அதைப் பார்த்தார்.

"மரத்துக்கும் ஊட்டிட்ட போல."

"நான் மரத்தத் தொடவே இல்ல. கன்னுங்கள மட்டுந்தான்."

"கன்னு வேற மரம் வேறயா? எல்லாம் ஒரே உடம்பு மச்சான். எத்தன போட்ட?"

"இருநூத்திப் பதினாலு. அப்புறம் மூலையில ஒண்ணு."

லோர்ன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நான் என்னமோ நாலஞ்சு கன்னுன்னு நெனச்சு சொன்னேன். வேற எவனா இருந்தாலும் பத்து தடவிட்டு இடுப்பு வலிக்குதுன்னு எழுந்திருப்பான். உன்ன மாதிரி சுத்தமா எவன் செய்வான்?"

சுத்தமாகச் செய்கிறவர் என்பதுதான் அதுவரை மைரனுக்கு இருந்த ஒரே பெருமை. அன்று அதையே குற்றப்பத்திரிகையாகக் கேட்டார். பாதி நாளில் அலுத்துப் போகிற சோம்பேறியாக இருந்திருந்தால் மரம் பிழைத்திருக்கும். நாம் எதை நம்முடைய நல்ல குணம் என்று வைத்திருக்கிறோமோ, அதற்குக் கண் இருக்கிறதா என்று நாம் பார்ப்பதே இல்லை.

அன்று சாயங்காலமே சொல்லிவிடுவது என்று கிளம்பினார். சட்டையை மாற்றிக்கொண்டு, வேலியைத் தாண்டாமல் தெருவழியாகச் சுற்றி, முன்வாசல் கதவைத் தட்டினார். பதில் இல்லை. பின்னால் போனார். அகதா மரத்தடியில், பட்டையில் ஒரு கையை வைத்தபடி நின்றிருந்தார். மைரன் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"நான்தான் இதக் கொன்னுட்டேன் மைரன்."

"என்னது?"

"பிளீச் போட்டு அலசின தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு வருஷக்கணக்கா இதோட வேர்லதான் கொண்டாந்து ஊத்துனேன். கொர்னேலியஸ் தலையால அடிச்சிக்கிட்டாரு. அந்தத் தண்ணி வேணாம்டி, மரம் தாங்காதுன்னு. அவர் போனப்புறம் கேக்க ஆளில்ல, என் இஷ்டத்துக்கு ஊத்துனேன்."

"அப்படியெல்லாம் இருக்காது அகதா."

"நீ நல்லவன். என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்ற."

அவ்வளவுதான். மைரன் தலையை ஆட்டினார், வந்த வழியே தெருவைச் சுற்றிக்கொண்டு திரும்பினார். மரத்தைக் கொன்றது தெரியாமல் செய்தது. அதற்கு மன்னிப்பு என்று தனியாக ஒன்று தேவையா என்பதே சந்தேகம். ஆனால் வேறொருத்தியின் தோளில் அது ஏறி உட்காருவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியது தெரிந்து செய்தது. குற்றம் அந்தச் சாயங்காலத்தில்தான் தொடங்கியது.

கோடை முழுவதும் காய்ந்த சுள்ளிகள் மைரன் வீட்டுப் புல்லில் விழுந்தன. அகதா வாளியுடன் வந்து அவற்றைப் பொறுக்குவார். "உனக்கு வேற வேல வைக்குது பாரு," என்று ஒவ்வொரு தடவையும் வருத்தம் தெரிவிப்பார். ஆகஸ்டில் ஒரு பெரிய கிளை ஒடிந்து தொங்கவும், மரத்தை வெட்டிவிட்டார்கள். அடுத்த நாளே மைரன் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் குழி தோண்டி, இரும்புக் கம்பம் ஒன்றை நிறுத்தி, காங்கிரீட் ஊற்றி, ரசமட்டம் வைத்து நேர் பார்த்து, கொர்னேலியஸின் கப்பியை அதில் மாட்டிக் கொடுத்தார். அகதா இதைச் சபையில் எழுந்து நின்று சொன்னார். சனிக்கிழமைதோறும் பிளம்ஸ் பழமோ புளிக்கும் ருபார்ப் தண்டோ போட்ட பிளாட்ஸ் பலகாரம் ஒரு தட்டு வேலியைத் தாண்டி வரத் தொடங்கியது. மைரன் அதைச் சாப்பிட்டார். சாப்பிடாமல் கொட்டினால் அது இன்னொரு பொய்யாகும் என்று நினைத்தாராம்.

இவற்றையெல்லாம்கூட அவர் தாங்கியிருப்பார். தாங்க முடியாமல் செய்தவை விரிப்புகள்.

மரம் பட்டுப்போன நாளிலிருந்து அகதா பிளீச்சைத் தொடவில்லை. ஜூலையில் விரிப்புகள் மஞ்சளடித்தன. செப்டம்பரில் பழைய செய்தித்தாள் நிறம். குளிர்காலத்தில், கொடியிலேயே உறைந்து பலகை போல நிற்கும் அவை, சுற்றியிருக்கும் பனிக்கு முன்னால் சாம்பலாகத் தெரிந்தன. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மைரனின் சமையலறை ஜன்னலுக்கு நேரே, அவர் நட்ட கம்பத்தை நோக்கி அவை ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வந்தன. காபிக்கடையில் யாரோ ஒருத்தி, "அகதாவுக்குத் தள்ளல போலிருக்கு, துணியப் பாத்தியா?" என்றாள். எங்கள் ஊரில் இது சாதாரணப் பேச்சு இல்லை. இதற்கு அடுத்த பேச்சு முதியோர் இல்லம் பற்றியதாக இருக்கும்.

ஒருநாள் மைரன் வேலியருகே நின்று, பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்த்தார்.

"மரந்தான் போயிடுச்சே அகதா. இனிமே பிளீச் போட்டா என்ன?"

"அந்த வாசனை வந்தாலே அவர் நிக்கிற மாதிரி இருக்கு. வேணாம்பா. துணி எப்படியோ போகட்டும்."

ஜனவரியில் அரங்கில் நானும் அவரும் மட்டும் இருந்தபோது, தளத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இதையெல்லாம் என்னிடம் சொன்னார். பிறகு கேட்டார்: "நீங்க புத்தகமெல்லாம் படிக்கிறவரு. தெரியாம செஞ்சது தப்பாகுமா?"

நான் அறியாமல் செய்வதையும் அறிந்தபின் மறைப்பதையும் பிரித்து, வேண்டியதற்கு மேலேயே பேசினேன். அவர் கல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப, சொல்லணும்ங்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லலியே."

"அதத்தான் சுத்திச் சுத்திச் சொல்றீங்க."

அதற்கப்புறமும் ஐந்து மாதம் சொல்லவில்லை. அதற்காக நான் அவரை இளக்காரமாக நினைக்கவில்லை. ஒரு பொய்யை ஒருவர் நன்றியோடு வாங்கிக்கொண்டபின் அதைத் திருப்பிக் கேட்பது எளிதில்லை.

ஜூன் முதல் வாரத்தில், புல்தரைக்கு நட்டநடுவில் ஒரு கன்று வந்தது. விரல் நீளம். ஐந்து இலை, காற்றடித்தால் அடிப்பக்கம் வெள்ளையாகப் புரண்டது. எந்த வேர்த்துண்டு தப்பிப் பிழைத்ததோ தெரியாது. மைரன் புல்வெட்டியை நிறுத்தி அதைப் பார்த்தார். பிறகு அதைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். மழித்த தலையில் குடுமி விட்டதுபோல் அந்த இடத்தில் மட்டும் புல் வளர்ந்தது. இரண்டு வாரம் அப்படியே விட்டார். ஏன் என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் அகதா அதைப் பார்த்துவிட்டார். கையில் நீளப் பிடி வைத்த செடி வெட்டும் கத்தரியோடு வேலிக்கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"ஐயோ, செத்தும் உன்ன விடலையா இது? சொல்லக் கூடாதா? எனக்காக இதச் சுத்தி ஓட்டிக்கிட்டிருக்க."

"இருக்கட்டும் அகதா."

"என்ன இருக்கட்டும்? எம் மரம் உனக்குக் குடுத்த தொல்ல போதும். நானே வெட்டுறேன்."

கத்தரியை ஊன்றி ஒரு முழங்காலை மடக்கினார், பிறகு இன்னொன்றை. எழுபத்தொன்பது வயதில் அது சிரமமான காரியம். கத்தரியின் வாய் தண்டைப் பிடித்தது.

"வெட்டாதீங்க."

"ஏன்?"

"உங்க மரத்த நான்தான் கொன்னேன்."

அகதா திரும்பிப் பார்த்தார். மைரன் நின்றபடியே, குரலை ஏற்றாமல் இறக்காமல், அரங்கின் நிர்வாகிகளிடம் தளத்தின் நிலைமையைச் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னார். லோர்னின் கேன், ஜாம் பாட்டில், தூரிகை, மூன்று நாள், இருநூற்றுப் பதினான்கு.

"நீங்க காபி கொண்டாந்தீங்களே, அன்னிக்கு அதான் செஞ்சுக்கிட்டிருந்தேன். பிளீச் தண்ணியால ஒண்ணும் ஆகல."

"மூலையில ஒண்ணு நிக்குதுன்னு நான் காட்டுனேன்."

"ஆமா."

"நீ சிரிச்ச."

"அப்ப தெரியாது அகதா. மரம் போயிடும்னு சத்தியமா தெரியாது."

"எப்பத் தெரிஞ்சது?"

"போன வருஷம் மே மாசம்."

அகதா கத்தரியைத் தண்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் மரத்துகிட்ட நின்னு சொன்னேனே, அன்னிக்குத் தெரியுமா?"

"தெரியும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"சொல்லாமப் போன."

"ஆமா."

"ஒரு வருஷம் மைரன். ஊரே பாக்க அழுக்குத் துணியக் காயப்போட்டேன். நீயும் உன் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்த?"

"ஒவ்வொரு திங்கக்கிழமையும்."

"ராத்திரி ஜெபத்துல தெனம் கொர்னேலியஸ்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். நான் செய்யாததுக்கு." கத்தரியின் வாயை மூடினார். "அந்த மனுஷனுக்கு அங்க ஒரே குழப்பமா இருந்திருக்கும்."

மைரன் அது நகைச்சுவையா என்று தெரியாமல் நின்றார். அகதாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. எழுந்திருக்க முயன்றார். மைரன் கையை நீட்டினார். அகதா அதைப் பார்த்துவிட்டு, கத்தரியையே ஊன்றிக்கொண்டு, இரண்டாம் முயற்சியில் எழுந்தார்.

"என் பிளாட்ஸ் தட்டு ரெண்டு உங்கிட்ட இருக்கு. கழுவி வேலியோரமா வச்சிடு."

"சரி."

"இது என் மரம்." கத்தரியால் கன்றைக் காட்டினார். "உன் புல்லுலதான் நிக்கும். இங்கயேதான். தோண்டி அந்தப் பக்கம் வைக்கிறேன், இந்தப் பக்கம் வைக்கிறேன்னு வராத. மருந்து, கத்தி, ஒண்ணும் படக்கூடாது."

"சரி."

"பெருசானா இதுக்கும் கன்னு வரும்."

"தெரியும்."

"வரட்டும்," என்று சொல்லிவிட்டு அகதா வேலிக்கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை தெருவில் முதலில் கொடியேறியது பென்னர் வீட்டுத் துணிதான். ஒரே அலசலில் அத்தனை வெள்ளை வந்துவிடாது. அகதா சனிக்கிழமையே ஊறவைத்திருக்க வேண்டும். மைரன் ஜன்னலில் நின்று அவை ஒவ்வொன்றும் கம்பத்துக்கு வந்து சேரும்வரை பார்த்தார். படியில் நின்ற அகதா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவர்களுக்குள் பேச்சு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருக்கிறது, மழை வருமா, தபால் வந்ததா என்ற அளவுக்கு. சனிக்கிழமைப் பலகாரம் நின்றுவிட்டது. அகதா மன்னித்தாரா என்று நான் மைரனிடம் கேட்கவில்லை, அவரும் அகதாவிடம் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பொருள் இல்லை அது.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கன்று என் இடுப்புயரம் வந்துவிட்டது. அதைச் சுற்றிப் புல்வெட்டி போட்ட வட்டம், கர்லிங் தளத்தின் வட்டம் போலவே அச்சாக இருந்தது. வட்டத்துக்கு வெளியே மூன்று புதிய முளைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கோல்ஃப் குச்சி ஒன்று குத்தியிருந்தது, புல் வெட்டும்போது தவறிப் பட்டுவிடாமல் இருக்க. மைரன் படியில் உட்கார்ந்து, கனத்த தோல் பூட்சின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, புல்லில் இறங்கினார்.